கண்ணாடி பீரோவும் கடவுச்சொல்லும்

எண்பதுகளின் கடைசியில் ஒரு சட்டக் கல்லூரியில் நூலகராகச் சேர்ந்தேன். நல்ல நூலகர் யார் என்பதில் அப்போது யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. வருஷக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது பதிவேட்டில் உள்ள அத்தனை புத்தகமும் பீரோவில் இருந்தால் அவர் நல்ல நூலகர். ஒன்று குறைந்தால் விளக்கம் கேட்டு மெமோ வரும். விளக்கம் பிடிக்காவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். புத்தகத்தைக் காப்பாற்ற ஒரே வழி அதை மாணவர் கண்ணில் மட்டும் காட்டுவது. கண்ணாடி பீரோ அதற்காகவே செய்தது.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் இந்த விஷயத்தில் பெருந்தன்மையானவை. வருஷத்தில் படிக்கக் கொடுக்கும் புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவது சகஜம் என்று ஒப்புக்கொள்கின்றன. எங்கள் ஆடிட்டருக்கு அந்த ஐந்து தெரியாது. எனக்கோ வேறொரு ஐந்து தெரியும். சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931இல் புத்தகமாகப் போட்டார். புத்தகம் இருப்பதே பயன்படுத்தத்தான் என்பது முதல் விதி. அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கித்தான் நான் வேலைக்கு வந்தேன். பரீட்சையில் எழுதியதை வேலையில் கடைப்பிடிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை என்பதால், ஒரு சட்டக் கல்லூரிக்குள்ளேயே ஐந்து விதிகளும் தினமும் மீறப்பட்டன. யாரும் ரிட் போடவில்லை.

"டார்ட் புக் ஒண்ணு வேணும் சார்" என்று மாணவர் கவுண்டருக்கு வருவார். எந்த டார்ட் புக், யார் எழுதியது, எத்தனாவது பதிப்பு என்று கேட்பேன். சீட்டில் எல்லாக் கட்டமும் நிரம்பாமல் அட்டெண்டர் பீரோ பக்கம் நகரமாட்டார். மாணவர் கார்டு கேட்லாக் இழுப்பறைகளை உருட்டுவார். சீனியர் யாரையாவது பிடித்துக் கெஞ்சுவார். அரை நாள் கழித்துத் திரும்பி வரும்போது, தனக்கு வேண்டியது டார்ட் முழுவதும் அல்ல, வளர்ப்பு நாய் கடித்தால் நஷ்ட ஈடு யார் தருவது என்ற ஒரே விஷயம்தான் என்று அவருக்கே பிடிபட்டிருக்கும். கேள்வியைக் கூர்மையாக்குவது என்று இன்று ஒரு செமஸ்டர் பாடத்தில் முதல் அலகாக வைத்திருக்கிறார்கள். அன்று அது என் கெடுபிடியால் இலவசமாகக் கிடைத்தது.

பீரோ திறந்த பிறகு போகிற பாதை எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் உரை நூல்: குற்றவியலுக்கு ரத்தன்லால், சிவிலுக்கு முல்லா, சாட்சியத்துக்கு சர்க்கார். அதன் அடிக்குறிப்பில் வழக்குகளின் பெயர் கிடைக்கும். பிறகு டைஜஸ்ட். அங்கிருந்து ரிப்போர்ட்டுகள்: 1891இலிருந்து சென்னையில் வெளிவந்த மெட்ராஸ் லா ஜர்னல், நாக்பூர் ஏ.ஐ.ஆர்., 1969இல் தொடங்கிய எஸ்.சி.சி. கடைசியாக, பிடித்த தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா, பிற்பாடு வேறொரு பெஞ்ச் அதைக் கவிழ்த்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை அனேகமாக எல்லோரும் எதிர்க்கட்சி வக்கீலுக்கே விட்டுவிடுவார்கள்.

அந்தக் காலத்து மாணவர்கள் தீர்ப்பு முழுவதையும் வரி விடாமல் படித்தார்கள் என்று பட்டமளிப்பு விழாக்களில் சீனியர்கள் பேசுகிறார்கள். கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: படிக்கவில்லை. ஜெராக்ஸ் பக்கத்துக்கு ஒரு ரூபாய். நாற்பது பக்கத் தீர்ப்புக்கு நாற்பது ரூபாய் கொடுக்க யாரிடம் இருந்தது? ஹெட்நோட் உள்ள முதல் இரண்டு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். ஹெட்நோட்டை நீதிபதி எழுதுவதில்லை, வெளியிடுகிறவர்கள் எழுதுகிறார்கள். அது தீர்ப்பின் பகுதியே ஆகாது. இதை நானும் சொல்வேன், ஜெராக்ஸ் கடைக்காரரும் சொல்வார். அவருக்கு அதில் லாபம் உண்டு.

ஆனாலும் ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் மூட் கோர்ட் போட்டி. அந்தரங்க உரிமை பற்றிய வழக்கு. எல்லாருடைய கையிலும் அப்போது சூடாக இருந்தது ஆட்டோ சங்கர் வழக்கு. சிறையில் அவர் எழுதிய சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை தடுக்கப்பார்க்க, பத்திரிகை ஆசிரியர் உச்ச நீதிமன்றம் போனார். அந்தரங்கம் வாழும் உரிமைக்குள் அடங்கியது, ஆனால் பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிடத் தடையில்லை என்று 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. நம்ம ஊர் வழக்கு, படிக்கவும் விறுவிறுப்பு. ஒரே சங்கடம், தீர்ப்பளித்தவர்கள் இரண்டு நீதிபதிகள். எதிரணியில் யாராவது ஏ.ஐ.ஆர். 1963 எஸ்.சி. 1295 என்று ஒரு வரி சொன்னால் போதும், கதை முடிந்தது. அது கரக் சிங் வழக்கு, ஆறு நீதிபதிகள். ராத்திரியில் போலீஸ் வந்து வீட்டுக் கதவைத் தட்டுவதைச் செல்லாது என்று தள்ளிய பெஞ்ச், அந்தரங்கம் என்று ஓர் அடிப்படை உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றும் பெரும்பான்மையாகச் சொல்லிவிட்டது.

அந்தப் பெண் 1963 வால்யூமைக் கேட்டு வாங்கினார். சிவப்புக் காலிக்கோ பைண்டிங், முதுகில் தங்க எழுத்து பாதி உதிர்ந்தது. ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: "சுப்பா ராவைப் படி." புத்தகத்தில் கிறுக்கினால் ஐந்து ரூபாய் அபராதம், கிறுக்கியதை ரப்பர் வைத்து அழிப்பது என் கடமை. இந்த ஒன்றை மட்டும் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தேன். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து மேலே போன சுப்பா ராவ், ஷாவோடு சேர்ந்து மாறுபட்ட தீர்ப்பு எழுதியிருந்தார். மாணவி மாலை நான்கரை மணி மணியடித்தும் எழுந்திருக்கவில்லை. அட்டெண்டர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தி ஜாடை காட்டினார். போட்டியில் அவர் சிறுபான்மைத் தீர்ப்பை வைத்து வாதாடினார்; தோற்றார். ஆறு பேர் பெஞ்சை இருவர் பெஞ்ச் எப்படித் தாண்டும் என்று நடுவர் கேட்டதற்கு அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகப் பதில் சொன்னார்கள். கரக் சிங்கின் அந்தப் பகுதி கவிழ்ந்தது. கோப்பையைத் திரும்ப வாங்கித் தர முடியுமா என்று விசாரிக்க நினைத்தேன், லிமிடேஷன் தாண்டியிருக்கும்.

இப்போது நான் ஓய்வு பெற்றவன். ஆனாலும் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் 'ஓரியன்டேஷன்' எடுக்க வருஷாவருஷம் கூப்பிடுகிறார்கள். கண்ணாடி பீரோவுக்குப் பூட்டில்லை. பூட்டு கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. கல்லூரி பணம் கட்டி வாங்கிய டேட்டாபேஸுக்குக் கடவுச்சொல் ஒன்று உண்டு. அது பொறுப்பாளருக்கு மட்டும் தெரியும், பொறுப்பாளர் அனேகமாக ஆன்ட்யூட்டியில் வெளியே இருப்பார். மாணவர்கள் அதற்காகக் காத்திருப்பதில்லை. 2008இல் வந்த இந்தியன் கானூன் இலவசம். உச்ச நீதிமன்றம் தன் ரிப்போர்ட்டுகளை 2023இல் இ-எஸ்.சி.ஆர். என்று இணையத்தில் திறந்துவிட்டது. தமிழில் மொழிபெயர்த்த தீர்ப்புகளும் கிடைக்கின்றன. பஸ்ஸில் நின்றுகொண்டே தருமபுரி மாணவி ஒருவர் புட்டசாமியைப் படித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். என் முப்பது வருஷக் கெடுபிடி அவரை ஒன்றும் செய்திருக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

சங்கடம் வேறு இடத்தில். 'டார்ட்' என்று தட்டினாலும் இப்போது பதில் வருகிறது, அதுவும் ஆயிரக்கணக்கில். எத்தனாவது பதிப்பு என்று இயந்திரம் கேட்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் இன்னொரு வேடிக்கை. கொலைக்குப் பிரிவு 103 என்று தேடுகிறவர் கையில் சொற்ப வழக்குகளே சிக்குகின்றன; நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட தீர்ப்புகள் 302 என்ற பழைய எண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கின்றன. இதைச் சொன்னதும் ஒரு பையன், "302 அவுட் ஆஃப் சிலபஸ் சார்" என்றான்.

சென்ற ஆண்டு வகுப்பில் எல்லோரையும் ஆளுக்கொரு முன்தீர்ப்பு கொண்டுவரச் சொன்னேன். ஒருவர் ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். வாதியின் பெயர், பிரதிவாதியின் பெயர், ஆண்டு, பக்கம், நீதிபதியின் அழகான ஒரு பத்தி, எதிலும் குறையில்லை. அலமாரியிலிருந்து அந்த வால்யூமை எடுக்கச் சொன்னேன். தூசி தட்டி, பக்கம் புரட்டி, அவர் அப்படியே நின்றார். அந்தப் பக்கத்தில் ஓர் ஊழியரின் கிராச்சுவிட்டி வழக்கு, அதுவும் நடுவழியில் ஓடிக்கொண்டிருந்தது. "புக்குல பிரின்ட் தப்பா இருக்குமோ சார்?" என்றார். நியூயார்க்கில் இப்படிப் பிறக்காத வழக்குகளை மனுவில் சேர்த்த வக்கீல்களுக்கு 2023 ஜூனில் ஃபெடரல் நீதிபதி ஐயாயிரம் டாலர் அபராதம் போட்ட கதையைச் சொன்னேன். ரூபாயில் எவ்வளவு என்று உடனே செல்போனில் பார்த்துச் சொன்னார்கள். அந்தக் கணக்கு சரியாக இருந்தது.

அதற்கப்புறம் வகுப்பில் பாதிப் பேர் தங்கள் தங்கள் சைட்டேஷனைத் தூக்கிக்கொண்டு அலமாரிக்கு ஓடினார்கள். பார் கவுன்சில் இன்ஸ்பெக்ஷனுக்காக வாங்கி, இன்ஸ்பெக்ஷன் அன்று மட்டும் துடைத்து வைத்த வால்யூம்கள். நான் பதவியில் இருந்த காலத்தில் ஒரே மணி நேரத்தில் இத்தனை வால்யூம் வெளியே வந்ததில்லை. பெரும்பாலான சைட்டேஷன்கள் உண்மையாகவே இருந்தன. இரண்டு பேருடையது மேல்முறையீட்டில் கவிழ்ந்த தீர்ப்பு, ஒருவர் கொண்டுவந்தது வெறும் ஹெட்நோட். ஜெராக்ஸ் கடைக்காரரை நினைத்துக்கொண்டேன்.

வகுப்பு முடிந்ததும் முதல்வர் காப்பி கொடுத்து ஒரு கோப்பைக் காட்டினார். பழைய ரிப்போர்ட்டுகள் இடத்தை அடைக்கின்றன, அவற்றைக் கழித்துவிட்டு ஏ.சி. போட்ட இ-லைப்ரரி அமைக்கலாம் என்று ஒரு குழு பரிந்துரைத்திருக்கிறது. பழைய பேப்பர் கடையில் கிலோ என்ன விலை என்று மூன்று கொட்டேஷன்கூட வாங்கி வைத்திருந்தார்கள். என் கருத்தைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: கழிப்பதற்கு முன் ஒவ்வொரு வால்யூமையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பக்கங்கள் முழுமையாக உள்ளனவா என்று சரிபார்த்து, குறைந்தவற்றுக்குப் பொறுப்பானவரிடமிருந்து வசூல் செய்த பிறகே கழிக்கலாம், இப்போதைய பொறுப்பாளர் அதற்குச் சான்றிதழ் தர வேண்டும். பொறுப்பாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லையாம். அவர் போடாதவரை 1963 வால்யூமுக்கு ஸ்டே.