ஊர்க்காவல் படைச் சீருடை: ஒரு பாதாதிகேச ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கைக்கு வரும் காசு குறையக் குறையச் சட்டைக்குப் போடும் கஞ்சி கூடும். இக்கட்டுரை நிறுவ முனையும் கோட்பாடு இதுவே. ஆய்வுப் பொருள், தமிழ்நாடு ஊர்க்காவல் படையினர் சீருடை விதிகளைக் கடைப்பிடிக்கும் பாங்கும், கடைப்பிடிக்க முடியாமல் தவிக்கும் பாங்கும். களம், திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் தொடங்கிக் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் பரமபத வாசல் வரை. காலம், ஆடியும் மார்கழியும். தீபாவளிக்கு முந்தைய வாரம் இலவச இணைப்பு.

1. ஆய்வின் தேவை

வேட்டிக்கு ஒரு தினம் இருக்கிறது. சேலைக்குக் கண்காட்சி நடக்கிறது. ஆனால் ஆறு நாள் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துவிட்டு, ஏழாம் நாள் காக்கி மாட்டிக்கொண்டு என்.எஸ்.பி. ரோட்டில் நின்று ‘ஓரமா வாங்க, ஓரமா வாங்க’ என்று தொண்டை வறளக் கத்தும் மனிதரின் பெல்ட்டைப் பற்றி ஆய்வுலகம் மூச்சு விடுவதில்லை. அவரிடம் ‘சார், சாரதாஸ் எங்க இருக்கு?’ என்று கேட்டுத் துணி வாங்கப் போன நன்றிகெட்ட சமுதாயம் நாம். அக்கடனைத் தீர்க்கவே இம்முயற்சி.

2. வரலாற்றுப் பின்புலம்

ஊர்க்காவல் படை 1946 டிசம்பர் 6 அன்று, கலவரச் சூழலில், மொரார்ஜி தேசாயின் முயற்சியால் பம்பாயில் பிறந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு, ஆளுக்கொரு பெயரில் இயங்கிய தொண்டர் படைகளை ஒன்றாக்கும்படி மைய அரசு மாநிலங்களிடம் சொன்னது. 1963இல் சென்னை மாநிலம் அதற்கெனச் சட்டம் இயற்றியது. ஆண்டுதோறும் டிசம்பர் 6 படை தொடங்கிய நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதையொட்டியே வைகுண்ட ஏகாதசித் திருவிழாவும் வந்துவிடுவதால், ஸ்ரீரங்கம் தீவின் இஸ்திரி வண்டிகளுக்கு அது நல்ல பருவம்.

காக்கியின் கதை இன்னும் பழையது. 1840களின் பிற்பகுதியில் பெஷாவர் பக்கம் ஹாரி லம்ஸ்டன் என்ற ஆங்கில அதிகாரி தம் ‘கைட்ஸ்’ படைக்கு உடுத்தியது அது. வீரன் மண்ணோடு மண்ணாகத் தெரியவேண்டும் என்பது நோக்கம். ஆடிக் காற்றடிக்கும்போது பால்பண்ணைச் சந்திப்பில் அரைமணி நேரம் போக்குவரத்தைச் சரிசெய்த எவரிடமும் அந்த நோக்கம் முழுமையாக நிறைவேறியிருப்பதைக் காணலாம்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. அரசு ஊழியரின் உடையை ஏமாற்றும் எண்ணத்தோடு அணிபவருக்கு 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 171ஆம் பிரிவில், மூன்று மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 205ஆம் பிரிவு, மூன்று மாதத்தை அப்படியே வைத்துக்கொண்டு அபராதத்தை 5,000 ஆக்கியிருக்கிறது. கவனிக்க: பிறர் சீருடையை நன்றாக அணிந்தால்தான் சிறை. தன் சீருடையை மோசமாக அணிந்தவரைச் சட்டப் புத்தகம் தொடவில்லை; அந்தப் பொறுப்பைப் படைப் பிரிவுத் தலைவரின் நாக்குக்கு விட்டுவிட்டது.

3. களத்தின் இயல்பு

சீருடை ஆய்வுக்கு ஸ்ரீரங்கத்தைவிடக் கடுமையான களம் வேறு கிடையாது. இவ்வூரில் ஆடை ஒழுங்கு பெருமாளிடமிருந்தே தொடங்குகிறது. பகல் பத்தின் பத்தாம் நாள் உற்சவர் நம்பெருமாள் மோகினித் திருக்கோலத்தில் எழுந்தருள்வார். மறுநாள் ஏகாதசிக்கு ரத்னாங்கி. மூலவருக்கு முத்தங்கி. என்றைக்கு எந்தக் கொண்டை, எந்த மாலை என்று உத்தர வீதித் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லக்கூடிய கண்கள் இவ்வூர்க் கண்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்குச் சட்டையில் ஒரு பொத்தான் விட்டுப்போனால் அது தனிமனித விஷயமாக இருக்க முடியாது.

பக்தருக்கும் ஒரு விதி வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி 2016 ஜனவரி 1 முதல் தமிழகக் கோயில்களில் ஆடைக் கட்டுப்பாடு அமலானது. அந்த மாதமே தடையும் வந்தது. ஜீன்ஸ் போட்ட பக்தர் தப்பித்தார். அவரை வரிசையில் நிறுத்திய காக்கிக்காரருக்கு மட்டும் எந்த நீதிமன்றத்திலும் தடை கிடைக்கவில்லை.

4. ஆய்வு முறை

மேல்நாட்டு முறைகள் இக்களத்துக்குப் பொருந்தா. உறையூரில் அவதரித்த திருப்பாணாழ்வார் அரங்கனைப் பாதம் தொடங்கி ஆடை, உந்தி, உதரபந்தம், மார்பு, கழுத்து, வாய், கண் என்று மேல்நோக்கிக் கண்டு பத்துப் பாசுரம் பாடினார். உள்ளூரிலேயே இவ்வளவு ஒழுங்கான முறையியல் இருக்கையில் வெளியில் கடன் வாங்குவானேன்? அணிவகுப்பில் அதிகாரி பார்வையிடும் வரிசையும் ஏறத்தாழ இதுவேதான். குனிந்து ஷூவைப் பார்த்த பிறகே முகத்தைப் பார்ப்பார். ஆழ்வார் பொறுத்தருள்க.

5. கண்டறிந்தவை

பாதம்: முதல் உறுப்பிலேயே விதி தோற்றுப்போகிறது. பாலிஷ் போட்ட ஷூதான் சீருடைக்கு அடித்தளம். ஆனால் ரங்கா ரங்கா கோபுரத்துக்குள் செருப்புக்கே இடமில்லை, ஷூவுக்கு ஏது? ஏகாதசியன்று விடிய விடிய உள்ளே நிற்பவரின் சீருடை கணுக்காலோடு முடிந்துவிடுகிறது. மேலே மிடுக்கு, கீழே வெறுங்கால். இதில் ஒரு துணைச் சிக்கலும் உண்டு. எல்லாருக்கும் ஒரே மாதிரி என்பதே சீருடையின் தத்துவம். மூலையில் குவித்து வைத்த ஷூக்களிடம் அந்தத் தத்துவம் முழு வெற்றி பெறுகிறது: எது யாருடையது என்பது ரங்கனுக்கே வெளிச்சம். ஆகவே அனுபவசாலியின் ஷூ நாக்குக்கு உட்புறம் மார்க்கர் பேனாவில் ஒரு முதலெழுத்து இருக்கும். லேஸின் கடைசித் துளையில் ஒரு சிவப்பு நூல் ஓடும். இரண்டுமே விதிமீறல். இரண்டும் இல்லாதவர், இடக்கால் எட்டாம் நம்பரும் வலக்கால் ஒன்பதாம் நம்பருமாக ரோல் காலுக்கு வந்து நிற்பார்.

ஆடை: பேன்ட்டின் மடிப்பு கத்தி முனைபோல் நிற்கவேண்டும். மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பேருந்து இதை அறியாது. அதில் உட்கார இடம் கிடைப்பது பொதுமக்களுக்கு அதிர்ஷ்டம். ஊர்க்காவல் படையினருக்கு ஆபத்து. முழங்கால் மடிந்தால் மடிப்பு போயிற்று. காலி இருக்கையை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்து நிற்கும் காக்கிச் சட்டையைக் கண்டு ‘என்ன மரியாதை தெரிஞ்ச தம்பி’ என்று நெகிழும் பாட்டிகள் இந்தக் காரணத்தை அறியார்.

உந்தி: சட்டையின் நான்காம் பொத்தான், உடலின் மிகப் பதற்றமான எல்லைப்பகுதி. 2012 முதல் ஸ்ரீரங்கம் கோயிலில் நாள் முழுதும் அன்னதானம் நடக்கிறது. பந்தோபஸ்துக்கு முன் அந்தப் பொத்தானுக்கு ஒரு நிலைமை, பந்திக்குப் பின் வேறொரு நிலைமை. சட்டை தைத்தது சேர்ந்த ஆண்டில். வயிறு வளர்ந்தது அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்.

உதரபந்தம்: மேற்சொன்னதன் தீர்வாகப் பெல்ட்டில் ஆணியைச் சுட்டுப் போட்ட கூடுதல் துளை. பக்கிளுக்கு வாரந்தோறும் பிராசோ அபிஷேகம் உண்டு. துளை கோணலாக இருந்தாலும் பக்கிள் பளபளத்தால் பார்வையிடும் கண் அங்கேயே நின்றுவிடும் என்பது மூத்தோர் வாக்கு.

மார்பு: பெயர்ப் பட்டை. ஒரு நூலிழை சாய்ந்தாலும் ‘ஏம்ப்பா, பேரு சறுக்கி விழுதே’ என்று கேள்வி வரும். இதன் பயனையும் தீமையையும் ஆறாம் பகுதியில் காண்க.

கழுத்து: ஆய்வில் மிக வளமான பகுதி. ஆடிப் பதினெட்டு அன்று அம்மா மண்டபம் படித்துறையில் பணியிலிருக்கும் பெண் ஊர்க்காவலரை எண்ணிப் பார்க்க. கொண்டை வலைக்குள் இருக்கிறது, காலர் மடங்காமல் நிற்கிறது, எல்லாம் விதிப்படி. அப்போது நனைந்த சேலையோடு ஒரு அம்மாள் வந்து, ‘ஒரு வருஷ நாளும் பொழுதுமா நிக்கிறியே தாயி, குனி’ என்று மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் கட்டிவிடுகிறார். மறுத்தால் காவிரிக்கே மறுப்பு. ஏற்றால் விதிமீறல். அவர் கண்டுபிடித்த வழி: கயிற்றைச் சட்டைக்குள் தள்ளி, மேல்பொத்தானைப் போட்டு, விசில் கயிற்றை அதன் மேல் சரியவிடுவது. மாலைக்குள் இப்படி ஏழெட்டுக் கயிறு சேர்ந்துவிடும். காலர் சற்றே மஞ்சள் பூத்திருப்பதைப் பார்வையிட வரும் அதிகாரியும் பார்க்கிறார். அவர் வீட்டிலும் அன்று சித்திரான்னம்தான், பேசாமல் கடந்துவிடுகிறார்.

மார்கழியில் சிக்கல் வேறு. பரமபத வாசல் திறக்கும் அந்த விடியாத வேளையில் கொள்ளிடத்துக் குளிர் காதுக்குள் புகுந்து குடியேறும். சுற்றிலும் ஊரே மப்ளரும் குரங்குக் குல்லாவுமாக நிற்க, காக்கிக்காரருக்கு மட்டும் இரண்டும் இல்லை. சட்டைக்குள் சட்டை, அதற்குள் பனியன் என்று அடுக்கிக்கொண்டு வெளியில் ஒல்லியாகத் தெரிய முயல்வதே அவர் செய்யக்கூடியது. இந்நிலையில் நான்காம் பொத்தானின் கதி சொல்லத் தேவையில்லை.

வாய்: விசில். விசில் இருக்கும் வாயில் வெற்றிலை இருக்கலாகாது. இரண்டும் ஒருங்கே இருந்த வேளைகளின் விளைவைச் சீருடையின் முன்பகுதியே சாட்சி சொல்லும்.

கண்: கூலிங் கிளாஸ். விதி என்ன சொன்னாலும் சினிமா அதற்கு எதிராகச் சொல்கிறது. சட்டைப் பைக்குள் இருப்பதும், அதிகாரியின் ஜீப் காவிரிப் பாலத்தைத் தாண்டியதும் மூக்கின் மேல் ஏறுவதும் அதன் இயல்பு.

தலை: ஆழ்வார் கண்ணோடு நிறுத்தி முழுமேனிக்குப் போய்விடுவதால், தொப்பிக்கு நாமே வழி தேடவேண்டும். சந்நிதிக்குள் அதுவும் கைக்கு வந்துவிடும். எடை குறைவு, பொறுப்பு அதிகம். இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தி. 1993இல் ராமநாதபுரத்தில் காக்கியே இல்லாத தொண்டர் அமைப்பான போலீஸ் நண்பர்கள் குழுவைத் தொடங்கியவர் பிரதீப் வி. பிலிப் என்ற காவல் அதிகாரி. 1991 ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் அவர் காயமடைந்தபோது, ரத்தம் தோய்ந்த அவருடைய தொப்பியும் பெயர்ப் பட்டையும் வழக்கின் சான்றுப் பொருள்களாயின. 2021இல் ஓய்வுபெறும் நாளன்று நீதிமன்ற அனுமதியோடு அவற்றையே அணிந்து விடைபெற்றார். தொண்டருக்குச் சீருடை தேவையில்லை என்று அமைப்பு கண்டவரே தம் தொப்பியை அப்படிப் போற்றினார் என்றால், தொப்பி கோணலாக இருப்பதைப் பிரிவுத் தலைவர் பொறுக்காததில் நியாயம் இருக்கிறது.

6. கோட்பாடு

இனி, கஞ்சிக்கும் காசுக்குமான எதிர்விகிதம் ஏன்? முழுநேரக் காவலர் தொப்பியைக் கழற்றினாலும் காவலரே. குடியிருப்பு இருக்கிறது, பதவி உயர்வு இருக்கிறது, ஓய்வூதியம் பற்றிய கவலையாவது இருக்கிறது. ஊர்க்காவல் படையினர் தொண்டர். அவர்களுக்கான படித்தொகை, முப்பது நாள் பணி செய்தால் காவலரின் குறைந்தபட்ச மாத ஊதியத்துக்கு ஈடாகும்படி அமையவேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; நிரந்தரப் பணி என்று சொல்லவில்லை. மாதத்தில் எத்தனை நாள் அழைப்பு வரும் என்பது அவர் கையில் இல்லை. மடிப்பு அவர் கையில் இருக்கிறது. ஆகவே அதை இறுகப் பிடித்துக்கொள்கிறார்.

இதனினும் ஆழமான காரணம் ஒன்று களத்தில் கிடைத்தது. அதைத் தொலைவு விதி எனலாம். கூட்டத்தில் வருபவருக்குப் பத்தடி தூரத்தில் அவர் போலீஸ். ஐந்தடியில் தோள் எழுத்தைப் படித்ததும் ஊர்க்காவல். ஓரடியில் பெயர்ப் பட்டையைப் படித்ததும், ‘அடடே, நம்ம செல்போன் கடைத் தம்பியா! அப்ப கொஞ்சம் முன்னால விடு’. வெளியூரிலிருந்து வந்த காவலருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவருக்கு ஸ்ரீரங்கத்தில் யாரையும் தெரியாது. உள்ளூர்த் தொண்டருக்கோ வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் வாடிக்கையாளர், மீதிப்பேர் உறவுக்காரர், நடுவில் பள்ளிக்கூடத்தில் காதைத் திருகிய வாத்தியார். சீருடை அவரை மக்களுக்கு அடையாளம் காட்டுவதற்கு என்று விதிநூல் நினைக்கிறது. களத்தில் அது அவரை அடையாளம் தெரியாதவராக ஆக்கத்தான் பயன்படுகிறது. ஒரு பொத்தான் திறந்திருந்தால் போதும், அதன் வழியே செல்போன் கடைத் தம்பி எட்டிப் பார்த்துவிடுவார். பிறகு வரிசை இல்லை, வாசல் இல்லை.

7. பரிந்துரைகள்

ஒன்று: ஷூ நாக்கின் முதலெழுத்தைச் சீருடையின் அங்கமாக அறிவிக்கவேண்டும். இரண்டு: ஆடிப் பதினெட்டு அன்று மஞ்சள் கயிறு எத்தனை வரை விதிக்குட்பட்டது என்பதை அம்மா மண்டபத்துப் பெண்களைக் கலந்து முடிவு செய்யவேண்டும், அவர்களைக் கலக்காமல் எடுக்கும் முடிவு அமலாகாது. மூன்று: ஒன்றாம் நம்பர் பேருந்தில் நின்றுகொண்டு வரும் காக்கிச் சட்டையினரை உட்காரச் சொல்லி யாரும் வற்புறுத்தலாகாது. நான்கு: மார்கழிக்குக் காக்கி நிறத்தில் மப்ளர். ஐந்து: வரிசையைத் தாண்டி வந்து, ‘டேய், நான் உங்கப்பாவோட சினேகிதன்டா, தெரியலையா?’ என்று எவரேனும் கேட்டால், தொண்டர் முதலில் தொப்பியை நேராக்கி, நான்காம் பொத்தானைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ‘தெரியுது சித்தப்பா, கடைசியில போய் நில்லுங்க’ என்று சொல்லவேண்டும்.