மூடி இல்லாத சங்கீதம்

"காசு கூடக் குடுத்து ஓட்டை போட்டதை வாங்கப் போறீங்களா?" என்றாள் மனைவி. மூன்று வாரம் ராத்திரி கண் விழித்துப் படித்ததை அவளுக்குப் பத்து நிமிடமாக விளக்கியிருந்தேன். அவள் ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டாள்.

தீர்ப்பில் பிழை இல்லை என்பதுதான் வருத்தம். சாதாரண ஹெட்போனில் காதைக் கவ்வும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைத்திருக்கும். ஓப்பன் பேக் ஹெட்போனில் அந்த இடத்தில் வெறும் சல்லடை. உள்ளே அதிரும் சவ்வின் முன்பக்கத்துச் சத்தம் நமக்கு, பின்பக்கத்துச் சத்தம் ஊருக்கு. அடைத்த கிண்ணத்தில் பின்பக்கத்துச் சத்தம் சுவரில் முட்டித் திரும்பி வந்து பாட்டோடு கலந்து குழப்பும். திறந்துவிட்டால் அது பாட்டுக்கு வெளியே போய்விடும். அதனால் வாத்தியங்கள் மண்டைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்காமல், கொஞ்சம் தள்ளி இடம் விட்டு உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கும். சத்தம் வெளியே போகிற அதே வழியாக வெளியுலகமும் உள்ளே வரும். அது மட்டும்தான் சங்கடம்.

"அப்போ நீங்க கேக்கறது எங்களுக்கும் கேக்கும். நாங்க பேசறது உங்களுக்கும் கேக்கும். இதுக்கு எதுக்குங்க ஹெட்போன்?"

சோபாவிலிருந்து அப்பா தலையிட்டார். "இதுல என்ன புதுசு? நம்ம மர்ஃபி ரேடியோவுக்குப் பின்னாடி ஓட்டை ஓட்டையா அட்டை அடிச்சிருக்கும்ல? அதுவும் ஓப்பன் பேக்தான்டா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வால்வு சூட்டுக்காக வைத்த அட்டைதான் அது. ஆனால் அதன் வழியாக ஸ்பீக்கரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது என்னவோ உண்மை. மூன்று வாரத்தில் எனக்குத் தோன்றாத உவமை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்கு வந்துவிட்டது.

ஹெட்போன் உலகம் இந்த ஓட்டைக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. 1958-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜான் காஸ் என்பவர் பாட்டு கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போன் கொண்டுவந்தார். அப்போதெல்லாம் காதை அழுத்தி மூடுவதுதான் முறை. பத்து வருடம் கழித்து, 1968-இல், ஜெர்மனியின் சென்ஹைசர் எச்.டி. 414 என்று ஒன்றை விட்டது. மூடி கிடையாது, காதில் உட்கார மஞ்சள் ஸ்பாஞ்சு. பார்த்தால் பாத்திரம் தேய்க்கிற சமாசாரம் மாதிரிதான் இருக்கும். லட்சக்கணக்கில் விற்றது.

எனக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் இளையராஜா. 1986-இல் வந்த 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பை நான் கேசட் தேயும்வரை கேட்டவன். அந்த வயலின்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும் என்று இருபது வருட ஏக்கம். என் மகனுக்கு வந்ததற்குக் காரணம் காலடிச் சத்தம். அவன் ஆடும் துப்பாக்கி விளையாட்டில் எதிரி எந்தச் சுவருக்குப் பின்னால் நடக்கிறான் என்பதைக் காதால் கண்டுபிடித்தால் பிழைக்கலாம். அவனிடம் ஏற்கெனவே ஒரு கேமிங் ஹெட்செட் இருந்தது. டப்பாவில் 7.1 சரவுண்ட் என்று போட்டிருந்தது, கல்யாண மண்டபம்போலக் கலர் கலராக மின்னியது, ஒரு வருடத்தில் இடது பக்கம் மௌனவிரதம் பூண்டது. பாதிக் காசு அவனுடைய சேமிப்பு, மீதி என்னுடையது. பதினைந்தாயிரத்தைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தம்.

7.1 எல்லாம் வேண்டாம் என்று எனக்குப் பாடம் எடுத்ததும் அவன்தான். மனிதனுக்கு இருப்பது இரண்டே காது. வலப்பக்கத்தில் எழும் சத்தம் இடது காதுக்குக் கொஞ்சம் தாமதமாகவும் மெலிந்தும் வந்து சேரும். தாமதம் என்றால் அதிகபட்சம் சுமார் 0.7 மில்லி விநாடி. அதை வைத்தே மூளை திசை சொல்லிவிடுகிறது. 1907-லேயே இயற்பியலாளர் லார்டு ரேலி இதை எழுதிவைத்துவிட்டார். முன்னாலா பின்னாலா என்பதைக் காது மடலின் மடிப்புகள் சொல்லும். இந்தக் கணக்கை எல்லாம் விளையாட்டே போட்டுக் கொடுக்கிறது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் என்ற விளையாட்டில் இந்த வசதி 2016-இல் வந்தது, வாலரன்ட்டில் 2021-இல். அதற்கு நல்ல இரண்டு காது ஹெட்போன் போதும். ஐம்பது வயதில் மகனிடம் காது எதற்கு என்று கற்றுக்கொண்டேன். என் அப்பா என் காதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியவர்.

கடைசியில் இரண்டு பேர் களத்தில் நின்றார்கள். இருவரும் ஜெர்மன்காரர்கள். ஒன்று பேயர்டைனமிக் டி.டி. 990 ப்ரோ, 250 ஓம். மற்றது சென்ஹைசர் எச்.டி. 560 எஸ், 120 ஓம். முன்னது ஆந்திரா மெஸ். கீழ்ஸ்தாயியும் மேல்ஸ்தாயியும் தூக்கலாக இருக்கும், நடுவில் நிற்கும் பாடகர் அரை அடி பின்வாங்கி நிற்பார். பின்னது பத்தியச் சமையல். எதுவும் தூக்கல் கிடையாது, பாட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் இலையில் விழும்.

காலடிச் சத்தத்துக்கு ஆந்திரா மெஸ்தான் சரி என்றான் மகன். செருப்பு தரையில் உரசுவதுகூடப் பளிச்சென்று கேட்குமாம். ஆனால் அதே பளிச்சில் பாட்டின் ஸ, ஷ எல்லாம் பல்லைக் காட்டும் என்று அதை வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். தனித்தமிழ் அன்பர்களுக்கு இந்தத் தொந்தரவு பாதிதான். எனக்கு ஸ்வரமும் வேண்டும், ஸ்ருதியும் வேண்டும்.

பிறகு ஓம் பிரச்சினை. மின்தடை 250 ஓம் என்றால் லேப்டாப்பின் சின்ன ஓட்டையிலிருந்து வருகிற மின்சாரத்துக்கு அது முக்கி முனகித்தான் பாடும். தனியாக ஆம்ப் என்று வலு ஏற்றுகிற டப்பா ஒன்று வைத்தால்தான் சுகம். ஆம்ப் வாங்கினால் டாக் என்று இன்னொரு டப்பா கூடவே வருமாம். யானை வாங்கலாம், அதற்குப் பிறகு அங்குசம், சங்கிலி, கரும்பு, பாகன். வயரிலும் ஒரு யோசனை. டி.டி. 990 ப்ரோவுக்குப் பழைய லேண்ட்லைன் போனில் இருப்பதுபோலச் சுருள் வயர், கழற்ற முடியாது. 560 எஸ்ஸுக்கு மூன்று மீட்டர் நேர் வயர், கழற்றலாம். மழைக்காலத்தில் அதில் துணி உலர்த்தலாம் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். முதன்முறையாக அவள் முகத்தில் ஒரு ஆதரவு தெரிந்தது.

கேட்டுப் பார்த்துத்தான் வாங்குவது என்று நானும் மகனும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். எந்த வாசலில் நின்றாலும் பைக் இடிக்கிற தெரு அது. உள்ளே ஒரு கடையில் பையன் ஒருவன் என் தலையில் ஹெட்போனை மாட்டி, ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வைப் போட்டான். 1994-இல் மேடையில் வாசித்த பதிவு. ஒலி ஆராய்பவர்களுக்கு அது பிள்ளையார் சுழி. கிட்டார் இங்கே, கைதட்டல் அங்கே, டிரம் ஆழத்தில். கண்ணை மூடினேன். இடப்பக்கம், சற்றுப் பின்னால், ஒரு ஆட்டோ ஹாரன். எவ்வளவு துல்லியம்! எவ்வளவு இயல்பு!

"தம்பி, இந்தப் பாட்டுல ஆட்டோ வருதா?"

"அது வெளிய நிக்குது சார். ஓப்பன் பேக், அப்படித்தான் கேக்கும்."

என் மகன் வேறு யாரோ பெற்ற பிள்ளைபோல சார்ஜர்களைப் பார்க்க ஆரம்பித்தான்.

560 எஸ் வாங்கினோம். ஆம்ப் இல்லாமல் சமாளிக்கும் என்பது வெளியில் சொன்ன காரணம். ஸ்ருதி உள்காரணம். கனம் 240 கிராம்தான், மாட்டிக்கொண்டிருப்பதே மறந்துபோகும். மறந்து அப்படியே எழுந்து போனால் மூன்று மீட்டரில் லேப்டாப் கூப்பிடும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மூன்று வார ஆராய்ச்சியில் யாருமே சொல்லாத எதிரியைச் சந்தித்தேன். சீலிங் ஃபேன். இந்த ஹெட்போன்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் குளிர்தேசத்து அமைதியான அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்துச் சென்னையில் ஃபேன் ஐந்தில் சுற்றும். வயலின்கள் தனித்தனியாகத்தான் கேட்டன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஃபேன் சுருதிப்பெட்டி வாசித்தது. ரெகுலேட்டரை இரண்டுக்கு இறக்கினால் சங்கீதம் தெளியும், சட்டை நனையும். காதில் மட்டும் வியர்வை இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சல்லடை வழியே காற்று போய் வருகிறது. உடம்பிலேயே சுகமாக இருந்த ஒரே பாகம் காதுதான்.

மகனுக்கு வேறு பிரச்சினை. ஒரு நாள் முக்கியமான ஆட்டம். பின்னால், இடப்பக்கம், மெல்லிய காலடி. சட்டென்று துப்பாக்கியைத் திருப்பினான். யாரும் இல்லை. காலடி நெருங்கியது. மறுபடி திரும்பினான். முன்னாலிருந்து வந்த நிஜ எதிரி சுட்டுவிட்டான். பின்னால் நின்ற என் மனைவி பால் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, "ஆறிடும், குடிச்சிட்டுச் சாவு" என்றாள். இந்த ஹெட்போனில் மைக் கிடையாது என்பதால் தனியாக ஒரு மேஜை மைக் வாங்கியிருந்தான். அதன் வழியே இந்த வசனம் அவன் அணித் தோழர்கள் நால்வருக்கும் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அவள் நடந்தாலே அவர்கள் "டேய், ஆன்ட்டி வராங்கடா" என்று எச்சரிக்கிறார்கள். திறமையான உளவுப்படை.

போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்குக் கரண்ட் போனது. ஃபேன் முனகிக்கொண்டே நின்றது. பிரிட்ஜ் அடங்கியது. பக்கத்து வீட்டு டி.வி. பாதி அழுகையில் நின்றது. லேப்டாப்பில் மட்டும் சார்ஜ் இருந்தது. ஹெட்போனை மாட்டி 'ஹௌ டு நேம் இட்'டைப் போட்டேன்.

வில் தந்தியைத் தொடுவதற்கு முன்னால் இருக்கும் அந்த இம்மி நேரம்கூடக் கேட்டது. ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே, இடையில் காற்று. இருபது வருடம் கேட்ட கேசட்டில் இதெல்லாம் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. இருட்டில் அப்பா பேப்பரால் விசிறிக்கொண்டே, "கொஞ்சம் சத்தமா வை" என்றார். மனைவி, "முதல்ல இருந்து போடுங்க" என்றாள். மகன்கூட வந்து தரையில் உட்கார்ந்தான். ஹெட்போன் என் தலையில், கச்சேரி எல்லாருக்கும்.

மூன்றாவது பாட்டின் நடுவில் கரண்ட் வந்தது. தெருவே "ஹே" என்று கத்தியது. ஃபேன் வேகம் பிடித்து ஐந்துக்குப் போனது. நான் சத்தமில்லாமல் எழுந்து சுவர்ப்பக்கம் நகர்ந்தேன்.

"ரெகுலேட்டர்ல கை வெச்சீங்க..." என்று பின்னாலிருந்து, சற்று வலப்பக்கமாக, ஒரு குரல் வந்தது. ஹெட்போனைக் கழற்றாமலே திசை துல்லியமாகத் தெரிந்தது.