பலக மேல நிக்கிற பையனுக்கு

வா கண்ணு, குந்து. இன்னா அது தோள்ல? காத்தடிச்ச பலகையா? அது மேல நின்னுகினு துடுப்பு போடணுமா? சோக்கா கீது. எங்க தாத்தா நொச்சிக்குப்பத்துல விடியக்காலைல அதத்தான் செஞ்சாரு. கட்டைங்களக் கவுத்தால இறுக்கிக் கட்டி, முட்டி போட்டு வலிச்சுகினு போவாரு. கட்டுமரம்னு பேரு. அவுருக்கு யாரும் கோச்சிங் குடுக்கல. அவுரு திரும்பும்போது மீனோட வருவாரு. நீ போட்டோவோட வருவ.

எங்க ஓட்டப் போற? லஸ்ஸாண்ட பறக்கும் ரயிலு நிக்குதே, அதுக்குக் கீழ போறது இன்னா தெரியுமா? பக்கிங்ஹாம் கால்வா. 1877-78 பஞ்சத்துல, சோத்துக்கு வழியில்லாத சனத்தக் கூலிக்கு வெச்சு, அடையாத்துக்கும் கூவத்துக்கும் நடுவுல வெட்டுன துண்டு இது. கவர்னரு பேரு நின்னுச்சு. மண்ணு சொமந்தவன் பேரு எங்க? ஆந்திராலேர்ந்து வெறகும் உப்பும் இதுல படகேறி வந்த காலம் ஒண்ணு. அப்பால லாரி வந்துச்சு. சாக்கட வந்துச்சு. 1997ல அது தலைமேலயே ஸ்டேஷனும் வந்துச்சு. இப்ப நீ பலகையப் போட்டா, துடுப்பப் புடிப்பியா, மூக்கப் புடிப்பியா?

கூவத்துலயும் படகு விட்டுப் பாத்தாங்க, கலைஞரு காலத்துல. படகுத்துறைங்களுக்கு பாரி, ஓரின்னு வள்ளலுங்க பேரு. வள்ளல் பேர எழுதிட்டா ஆத்துல நல்ல தண்ணி வந்துடுமா நைனா? பெயிண்டு காயறதுக்குள்ள நாத்தம் வந்துச்சு.

அடையாத்துல போட் கிளப்பு கீது, 1867லேர்ந்து. மெம்பரா இருந்தாத்தான் உள்ள. அங்க வலிக்கிறவங்க போற பக்கம் முதுகக் காட்டிகினு வலிப்பாங்க. ஆத்து நெலமயப் பாத்தா, அதுகூட நல்ல யோசனதான்.

முட்டுக்காட்டுக்குப் போயேன். 1984லேர்ந்து சுற்றுலாக் கழகம் படகு விடுது. துட்டக் குடு, லைஃப் ஜாக்கெட்ட மாட்டு, சுத்திட்டு வா. ஜாக்கெட்டுல தொப்ப தெரியுதுன்னு நடுத்தண்ணில அவுக்காத. தண்ணிக்கு உன் அழகு தெரியாது.

மயிலாப்பூர்ல ஒயுங்கா போட்டிங் நடக்கறது ஒரே எடம்தான். கபாலி கோயில் கொளம். தை மாசம் மூணு ராத்திரி தெப்பம். டிக்கெட்டு கெடயாது. ஆனா பாரு, கபாலியும் சிங்காரவேலரும் கொளத்தச் சுத்தவே கவுறு போட்டு இழுக்க ஆளு வேண்டிகீது. உனுக்கு மட்டும் தனியாப் போவணுமா?

குளிக்கணுமா? அது வேற பேச்சு. நம்ம கடலு பாக்கத்தான் சாது. ரெண்டு எட்டு வெச்சா பள்ளம். உள்ள இழுத்துச்சுன்னா கரையப் பாத்து நீந்தி மல்லுக்கட்டாத, பக்கவாட்டுல போ, இழுப்பு உட்டப்பால கரைக்கு வா. அதுவும் நீந்தத் தெரிஞ்சவனுக்கு. பெசன்ட் நகர் பீச்சுல வெள்ளையா ஒரு மண்டபம் நிக்குதே, பாத்துகீறியா? ஷ்மிட்டுன்னு டென்மார்க்குக்காரன். 1930ல, முழுவுனவங்களக் காப்பாத்தப் போயி தானே போய்ட்டான். அவன் நெனவா கட்டுனது. நீ அதுல சாஞ்சிகினு செல்ஃபி எடுத்துட்டு, நேரா அதே தண்ணிக்குள்ள ஓடற.

மெரினாவுல மாநகராட்சி நீச்சல் கொளம் கீதே. அம்மாம்பெரிய கடலுக்குப் பக்கத்துல தொட்டியான்னு சிரிக்கிறவன் சிரிக்கட்டும். தொட்டிக்கு ஆழம் எத்தினி அடின்னு சொல்ல ஆளு கீறான். கடலுக்கு எவன் சொல்லுவான்? மொதல்ல அங்க போயி மெதக்கக் கத்துக்க.

ஆமா, இந்தப் பலக இன்னா வெல? அடேங்கப்பா! சரி, கெடக்கட்டும். ஊசி குத்துனா காத்து எறங்கிடுமா? அப்ப இன்னிக்கே கடைக்குப் போ. பில்லு வெச்சிகீறியா?