ஒண்ணுமில்லாத மலை

ஏலே பேராண்டி, இங்கிலாந்து லேக் டிஸ்டிரிக்டுக்குக் கேம்பிங் கிளம்பிட்டியாமே. ஜாக்கெட் மட்டுமே முந்நூறு பவுண்டாம், ஒங்கம்மா புலம்புறா. இருக்கட்டும்லே. அந்த ஊரு மழைக்கு ஆளு வந்தது தெரிய வேண்டாமா?

பிளென்காத்ராவா ஏறப்போறே? ஏறு, ஏறு. முன்னால போறவனோட பின்பக்கத்தையே பாத்துக்கிட்டு உச்சிக்குப் போயிரலாம்.

இல்ல, மலையைத்தான் பாக்கணும்னா பிளென்காத்ராவுக்கு முதுகுப்பக்கம் போ. வடக்காமக் கெடக்கு, மங்ரைஸ்டேல் காமன். 633 மீட்டர் உசரம். உசரம்னு ஒரு மரியாதைக்குச் சொல்றேன். அதுல உச்சியத் தேடுறது வழுக்கைத் தலையில வகிடு தேடுற கதைதான். வெயின்ரைட்னு ஒரு மனுசன், கெண்டல் நகராட்சியில கணக்கு வழக்குக்குப் பெரிய அதிகாரியா இருந்தார். அந்த வட்டாரத்துல 214 மலை ஏறி, கையாலயே எழுதி வரைஞ்சு ஏழு புஸ்தகம் போட்டார். கணக்குப்பிள்ளை புத்தி எங்க போகும்? 1962-ல வந்த அஞ்சாம் புஸ்தகத்துல இந்த மலையையும் வரவு வச்சுட்டு, அங்கேயே நல்லா வஞ்சும் வச்சிருக்கார். அதனால 214-க்கும் டிக் அடிக்கிறவன் மட்டும் வருவான், நாலு கல்லத் தொட்டுட்டு ஓடிருவான். மத்த நேரமெல்லாம் ஆடும் காத்தும்தான்.

காலைப் பாத்து வையி. பச்சைப்பசேல்னு மெத்துமெத்துன்னு பாசி கூப்பிடும். ஆசையா மிதிச்சியோ, கறுஞ்சகதி பூட்சை வாங்கி வச்சுக்கிட்டுக் காலை மட்டும் திருப்பிக் குடுக்கும். வெள்ளையாப் பஞ்சுப்புல் தலையாட்டுற இடத்துலயும் தண்ணிதான், சுத்திப் போ. வெளிறிப்போன முரட்டுப் புல்லுதான் ஒனக்குத் தார்ரோடு.

அங்கே ஹெர்ட்விக் ஆடுக திரியும். கறுப்பாப் பொறந்து, வளர வளர நரைச்சுப் போற ஆடு. வேலி கெடையாது, ஆனா ஆத்தா மேஞ்ச எல்லைதான் குட்டிக்கும் எல்லை. கூடவே நடந்து படிச்சுக்கிடும். கோவில்பட்டிப் பக்கம் கிடை போட்டு, ராத்திரியெல்லாம் காவல் கெடந்தவன் நான். போன வருசம் ஒங்கப்பன் கூட்டிட்டுப் போயி அதக் காட்டினப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. அதுக்காக ஆட்டுத்தடத்தப் பிடிச்சு எறங்கிராதே. அது புல்லுக்குப் போகுது, ஒன் டென்டுக்கு இல்ல.

மேகம் எறங்கினா நீட்டின கை தெரியாது, போன்ல சிக்னலும் இருக்காது. பேப்பர் மேப்பும் காம்பசும் எடுத்துக்கோ. வழி தப்பினா விசில்: நிமிசத்துக்கு ஆறு தரம் ஊது, ஒரு நிமிசம் பொறுத்து மறுபடி ஊது. மொதல்ல ஆடு திரும்பிப் பாக்கும். மனுசன் வாரதுக்குக் கொஞ்சம் நேரமாகும், அதுவரைக்கும் அந்த முந்நூறு பவுண்டு ஜாக்கெட்டுக்கு வேலை குடு.

மேலேயே டென்ட் போடணும்னு பாக்காதே. சட்டப்படி நிலத்துக்காரர் சம்மதம் வேணும். கீழ கேம்ப்சைட்டுலயே படு. சாயங்காலம் காத்து நின்னுட்டா மிட்ஜுங்கிற கடிப்பூச்சிக் கூட்டம் வரும், உள்ள போயி ஜிப்பை இழுத்துவிட்டுக்கோ.

போட்டோ போடாம ஒனக்குத் தூக்கம் வராது, தெரியும். போடு. இடம் பேரு மட்டும் பிளென்காத்ரான்னு போட்டுரு. லைக்கும் வரும், கூட்டமும் அந்தப் பக்கமே போயிரும்.