பேர் வைக்காத சங்கம்

எங்கள் சங்கத்துக்கு இன்றுவரை பேர் கிடையாது. 1996இல் கோயம்புத்தூர் உக்கடத்தில், ஒரு ரேடியோ ரிப்பேர் கடையின் பின்கட்டில் ஐந்து பேர் கூடித் தொடங்கினோம். முதல் அலுவலே பேர் வைப்பதுதான். ‘தொன்மை மின்சாதனச் சேகரிப்பாளர் பேரவை’ என்று முன்மொழிந்தார், பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற வாத்தியார்.

“நீங்க அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள வால்வு ரேடியோவே சூடாகிப் பாட ஆரம்பிச்சுருமுங்க” என்றார் லைசென்ஸ் சார். அவர் தந்த பேர் ‘பழைய சாமான் சங்கம்’. கடைக்காரரான பாய் பதறிப்போனார். “கடை வாசல்ல அந்த போர்டைப் பாத்தா, கிலோ என்ன வெலைன்னு பேப்பர் கட்டோட வந்து நிப்பாங்க சார்.” பேர் வைக்கும் அலுவல் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று மினிட் நோட்டில் எழுதினேன். எழுத்து நன்றாக இருந்ததால் நான்தான் செயலாளர்.

லைசென்ஸ் சாருக்கு அந்தப் பேர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருக்கத் தபாலாபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். பெரிய ரேடியோவுக்கு ஆண்டுக்கு 15 ரூபாய். அதற்கென்று ஒரு புத்தகம், வருஷா வருஷம் புதுப்பித்த அடையாளம், கட்டாதவர்களைப் பிடிக்க இன்ஸ்பெக்டர்கள். 1980களில் அந்த லைசென்ஸே ஒழிந்தது. எங்கள் சார் அப்படி வீடு வீடாகப் போன இன்ஸ்பெக்டர். “சத்தம் கேட்டு உள்ள போனா, ரேடியோ மேல சேலையைப் போத்தித் தொட்டிலுன்னு சொல்லுவாங்க. தொட்டிலுக்குள்ளருந்து சிலோன் பாடும்” என்பார். அன்றைக்கு லைசென்ஸ் இல்லாத ரேடியோவைத் தேடி அலைந்தவர், ஓய்வுபெற்ற பிறகும் அதே ரேடியோக்களைத்தான் தேடி அலைந்தார். இப்போது காசு கொடுப்பது அவர் முறை.

நான் இதில் விழுந்ததற்குக் காரணம் ஒரு தப்பு. பெரியப்பா வீட்டை இடித்தபோது அட்டாலியில் ஒரு வால்வு ரேடியோ கிடைத்தது. ஆசையாகத் துடைத்து, நேராக பிளக்கில் சொருகினேன். ஓசைக்கு முன்னால் புகை வந்தது. சாக்கில் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து பாயிடம் கொண்டுபோனேன். அவர் ரேடியோவைப் பார்க்கும் முன் என்னைப் பார்த்தார். “இருவது வருசமாப் படுத்த படுக்கையாக் கெடந்தவரை எழுப்பி, ஓடுன்னா ஓடுவாரா?”

பிறகு வைத்தியம் காட்டினார். மின்சாரம் வரும் வழியில் ஒரு குண்டு பல்பை மாட்டினார். சீரிஸ் பல்பு. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து, கரண்ட் முழுக்க ரேடியோவுக்குள் பாயாமல் காத்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு கணம் எரிந்து மங்கும். என் ரேடியோவுக்கு அது கல்யாண வீட்டு விளக்குபோல எரிந்தது. குற்றவாளி, வயதாகிக் கசிந்துபோன கண்டன்ஸர்கள். ஒவ்வொன்றாக மாற்றினார். எலி கட்டிய கூட்டை எடுத்தார். அதில் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ பாதி இருந்தது. அறுந்துபோன டயல் கயிற்றைப் புதிதாக உருளைகளில் சுற்றினார். ஸ்பீக்கர் கிழிசலுக்கு மெல்லிய காகிதமும் பசையும். எட்டாவது நாள் சுவிட்சைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

“பாய், பாடலையே?”

“அவசரப்படாதீங்க சார், எந்திரிக்கட்டும்.”

அரை நிமிஷம். முதலில் சூடான பேக்கலைட் வாசம். பிறகு பச்சைக் கண் மெல்லத் திறந்தது. அலைவரிசை சரியாக அமர அமர நிழல் சுருங்கும் அந்த ‘மேஜிக் ஐ’. அப்புறம் ஒரு உறுமல். திருச்சி, 936 கிலோஹெர்ட்ஸ். நெற்பயிரில் இலைச்சுருட்டுப் புழுவைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சென்ட் வயல் கிடையாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் என் வசத்தில் இல்லை. உக்கடத்துப் பழைய சாமான் சந்தைக்கு ஐவரும் காலை ஆறு மணிக்கே ஆஜர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பஸ் ஏறிப் போவோம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழன்ற கதவு, எனாமல் கேரியர், பெல்ஜியம் கண்ணாடிக்கு நடுவே ஒரு ரேடியோ உட்கார்ந்திருக்கும். சென்னைக்குப் போனால் லைசென்ஸ் சார் சென்ட்ரல் பக்கம் திரும்பி ஒரு பெருமூச்சு விடுவார். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனதை அவர் சொந்த வீட்டுச் சாவாகவே நினைத்தார்.

வாங்குவதற்கு ஒரு சாஸ்திரம் உண்டு. வேண்டிய பொருளைப் பார்க்கவே கூடாது. பக்கத்தில் கிடக்கும் ஓட்டைக் குடத்துக்கு விலை கேட்டு, பேரம் பேசி, கோபித்துக்கொண்டு எழும்போது, “இது என்ன, ரேடியோவா?” என்று கொட்டாவியோடு கேட்க வேண்டும். வாத்தியாரால் முடியாது. ரேடியோவைக் கண்டதும் முகம் மலர்ந்துவிடும். அவர் மலர்ந்தால் விலை இருநூறு ரூபாய் ஏறும். கடைசியில் அவரை டீக்கடையிலேயே உட்காரவைத்துவிட்டுப் போக ஆரம்பித்தோம். விற்பவருக்கும் ஒரே மந்திரம்: “வெள்ளைக்காரன் காலத்து சாமானுங்க.” 1972ஆம் வருஷத்து ஃபேனும் வெள்ளைக்காரன் காலம்தான். ஒருமுறை டீக்கடையிலிருந்து தப்பி வந்த வாத்தியார் சரித்திரத்தை வைத்துப் பேரம் பேசினார்: “நம்ம ஜி.டி. நாயுடு 1941லயே, அஞ்சு வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குப் பண்ண முடியும்னு சொன்னாருங்க. நீங்க எழுநூறு கேக்கறீங்க.” கடைக்காரர் நிதானமாகச் சொன்னார்: “அப்ப அவருகிட்டயே வாங்கிக்கங்க.” நாயுடு காலமாகி அப்போதே இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஒரே ரேடியோவுக்கு ஊரில் பல தராசுகள். இரும்புக்கடைக்காரருக்கு அது கிலோ கணக்கு. டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் செம்பு தனி. செம்பு விலை ஏறினால் நாங்கள் தூங்க மாட்டோம், எத்தனை ரேடியோ உடைபடுகிறதோ என்று. எங்களுக்கு அது அசல் குமிழ் நான்கும் இருக்கிறதா என்ற கணக்கு. என் அம்மாவுக்கு இடக் கணக்கு: “இது நிக்கற எடத்துல ரெண்டு மூட்டை அரிசி வெக்கலாம்.” பின்னாளில் இன்னொரு கூட்டமும் வந்தது, வால்வுக்குள் ‘சிவப்புப் பாதரசம்’ இருக்கிறது, லட்சக்கணக்கில் பெறும் என்று. அப்படி ஒரு சரக்கே உலகத்தில் இல்லை. 2009இல் சவுதி அரேபியாவில் இதே வதந்தி பழைய தையல் மிஷின்கள்மேல் ஏறி, அவற்றின் விலை தாறுமாறாக எகிறியது. பாயிடம் ஒருவர் செல்போனை ரேடியோமேல் வைத்துப் பார்த்து, “டவர் கட்டாகுது, இருக்குது” என்றாராம். பாய், “என் கடையில ரேடியோ இல்லாட்டியும் டவர் கட்டாகும்” என்று அனுப்பிவைத்தார்.

ஐந்து பேர் சேர்ந்தால் கட்சி இரண்டு ஆவது நியாயம்தான். ஒன்று ‘தொடாதே’ கட்சி, தலைவர் வாத்தியார். கசிகிற கண்டன்ஸரும் சரித்திரம், அதை மாற்றுவது கல்வெட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்குச் சமம் என்பார். மற்றது ‘பாடணும்’ கட்சி, தலைவர் பாய். பாடாத ரேடியோவுக்கும் பலகைப் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு வருஷச் சண்டைக்குப் பிறகு ஒரு சமரசம் பிறந்தது. பழைய கண்டன்ஸரின் கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, வயிற்றைச் சுரண்டி, உள்ளே புதியதை வைத்து, மெழுகால் மூடிவிடுவது. “பல்லுக் கட்டறதாட்டந்தான். வாய் பழசு, பல்லு புதுசு” என்று தீர்ப்பளித்த லைசென்ஸ் சாருக்கு அப்போது பல்செட்.

இரண்டு கட்சியிலும் சேராதவர் மில் அண்ணன். பஞ்சாலையில் எலக்ட்ரீஷியன். அவருக்கு ஃபேன்தான் உயிர். வார்ப்பிரும்பு அடி, பித்தளை இறக்கை, கைமுட்டியே நுழையும் அளவுக்கு இடைவெளி விட்ட கம்பிக் கூண்டு. அதன்முன் உட்கார்ந்தால் காற்றால் வியர்வை அடங்குமா, பயத்தால் வியர்க்குமா என்பது ஜாதகப் பலன்.

இந்த மில் அண்ணன்தான் வினையைத் தொடங்கியவர். 1998இல் எங்கள் வீட்டு கிரைண்டரில் ‘கட கட’ சத்தம் என்று பேரிங் பார்க்க வந்தார். அரை மணி நேரம் சமையல்கட்டிலிருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். கிரைண்டர் முன்னால் சம்மணமிட்டு, கோயிலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். “இதை வெச்சுட்டா காரைக்குடிக்கெல்லாம் போனீங்க?”

1974இல் அப்பா வாங்கிய கிரைண்டர். இரும்புச் சட்டம், பெல்ட், மோட்டார், நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும் கல். எனக்கு அது சாமானாகவே தெரிந்ததில்லை. சுவர் மாதிரி, அம்மா மாதிரி, இருந்தது. மாவாட்டும் கிரைண்டர் பிறந்ததே எங்கள் ஊரில்தான். 1955இல் பி. சபாபதி செய்தது. பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆட்டாங்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் கல் சுற்றும், குழவி நிற்கும். இந்த ஒரே தலைகீழ் எத்தனை பெண்களின் தோள்பட்டையைக் காப்பாற்றியது என்று மில் அண்ணன் சொல்லச் சொல்ல, அம்மா என்னைப் பார்த்த பார்வையில் முப்பது வருஷத்துப் பாக்கி இருந்தது.

மறுநாளே சங்கம் முழுக்க வீட்டுக்கு வந்துவிட்டது. ஐவரும் கிரைண்டரைச் சுற்றி நின்றோம். லைசென்ஸ் சார் விலையே பேச ஆரம்பித்தார். அம்மா கேட்டார்: “எடுத்துட்டுப் போங்க சாமி. நாளைக்கு மாவுக்கு ஆரு வந்து ஆட்டித் தருவீங்க? நீங்களா, வாத்தியாரா?” சார் பர்ஸை மூடினார். வாத்தியாருக்கோ வேறு ஆட்சேபம். வழக்கொழிந்த சாதனம் மட்டுமே தொன்மை. தினமும் ஓடுவதைச் சேர்த்தால் விதி என்னாவது? கிரைண்டரின் மனு தள்ளுபடியானது. குற்றம், வேலை செய்தது.

அந்த ஆடியில் முதல் கண்காட்சி. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபம் மலிவாகக் கிடைத்தது. பன்னிரண்டு ரேடியோ, ஆறு ஃபேன், உதட்டோரம் விரல் வைத்த மர்ஃபி குழந்தையின் படம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வாத்தியார் கைப்பட அட்டை எழுதினார்: பேர், ஊர், ‘பயன்பாட்டில் இருந்த காலம்’. வருகிறவர்களுக்கு டிபன் கொடுக்காமல் அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. அறுபது பேருக்கு மாவு வேண்டுமென்று அம்மா கிரைண்டரை டெம்போவில் ஏற்றச் சொல்லிவிட்டார். அது கண்காட்சிப் பொருளாக வரவில்லை. சமையல்கட்டுச் சாமானாக வந்தது. மினிட் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது.

பத்து மணிக்குத் திறப்பு. வாத்தியார் சுவிட்சைப் போட்டார். அரை நிமிஷம் கூட்டம் மூச்சைப் பிடித்து நின்றது. பன்னிரண்டு ரேடியோவும் ஒரே குரலில் ‘கொர்ர்ர்’ என்றன. மண்டபத்து ஃபேன்களுக்கெல்லாம் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். மீடியம் வேவுக்கு அது காதருகே தகரம் தேய்ப்பது மாதிரி. ஃபேன்களை நிறுத்தினோம். இரைச்சல் பாதியானது. டியூப் லைட்டுகளையும் அணைத்தோம். இருட்டில் பன்னிரண்டு பச்சைக் கண்கள் மட்டும். தூரத்தில் திருச்சி லேசாக இருமியது. அந்த நேரம் பார்த்து உள்ளே அம்மா சட்னிக்கு மிக்ஸியைப் போட்டார். மிக்ஸி மோட்டாரின் கார்பனில் பறக்கிற பொறி ஒவ்வொன்றும் ரேடியோவில் வெடிச் சத்தம். திருச்சி போயே போய்விட்டது.

“அம்மா, மிக்ஸியை நிறுத்துங்க!”

“சட்னி இல்லாம எப்படிடா கண்ணு இட்டிலி?”

இருட்டில் நின்ற கூட்டம் வெளிச்சமும் சத்தமும் வந்த சமையல்கட்டைப் பார்த்து நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஹாலில் நாங்கள் நான்கு பேரும் பன்னிரண்டு ரேடியோவும்தான். மில் அண்ணன் எப்போதோ கட்சி மாறிவிட்டார். போய்ப் பார்த்தால், கிரைண்டரைச் சுற்றிப் பெண்கள் வட்டம் கட்டியிருந்தார்கள். “எங்க மாமியார் இதே மாதிரிதான் வெச்சிருந்தாங்க.” “எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு டேபிள் டாப் வாங்கினேன், மாவு இந்தப் பதம் வரலீங்க.” “கல்லு கொத்த இப்ப ஆள் எங்கீங்க கெடைக்குது?” ரேடியோவுக்கு நாங்கள் தயாரித்து வைத்திருந்த சரித்திரமெல்லாம் வாய்க்குள்ளேயே இருந்தது. இங்கே சரித்திரம் கேட்காமலே கொட்டிக்கொண்டிருந்தது.

வருகைப் பதிவேட்டில் அன்று 43 பேர் எழுதியிருந்தார்கள். 40 பேர், ‘இட்டிலி அருமை’. இரண்டு பேர், ‘சட்னியும் அருமை’. ஒருவர் மட்டும், ‘ரேடியோக்களும் நன்று’. கையெழுத்து லைசென்ஸ் சாருடையது.

சாயங்காலம் வாத்தியார் யாரிடமும் சொல்லாமல் கிரைண்டருக்கு ஒரு அட்டை எழுதினார். ‘பயன்பாட்டில் இருந்த காலம்: 1974’ என்று போட்டு, ஒரு கோடு இழுத்து, பேனாவோடு நின்றார். பிறகு அம்மாவிடம், “எதுவரைக்குமுங்க?” என்று கேட்டார். “நாளைக்கும் மாவு ஆட்டோணுமுங்க வாத்தியாரே” என்றார் அம்மா. வாத்தியார் கோட்டுக்குப் பின்னால் எதுவும் எழுதாமல் அட்டையைச் சட்டத்தில் ஒட்டினார். ‘இருந்த’ என்பதை மட்டும் அடித்தார்.

அடுத்த ஆடிக்கு மண்டபம் பேசப் போனேன். மேனேஜர் பதிவு நோட்டைப் புரட்டினார். சங்கத்துப் பேர் என்ன என்று கேட்பார், ஒத்திவைத்த கதையைச் சொல்ல வேண்டுமே என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர் எழுதி முடித்து, தலையைத் தூக்காமலே சொன்னார்:

“இட்டிலி சங்கம்தானுங்களே? போன வருசம் வந்தீங்களே. அம்மாவைக் கூட்டியாருவீங்கல்ல?”