ஒத்தைச் செருப்பு மாப்பிள்ளை

ஏனுங் மாப்ளே, போன வாரம் ராசிபுரத்துக் கல்யாணத்துல பந்தி முடிஞ்சு காருக்கு நடந்தீங்களே, அப்ப உங்க வலது கால்ல செருப்பு இல்லீங்க. மண்டபத்து வாசப்படியிலயே கழண்டு நின்னுபோச்சு. நீங்க பாட்டுக்கு வெத்தலையை மென்னுக்கிட்டு, சித்திரை வெயில்ல, தார் ரோட்டு மேல ஒத்தைச் செருப்போட ராசாவாட்டம் போறீங்க. பொண்ணூட்டுக்காரங்க, "மாப்ளை காலையிலேயே போட்டுட்டாராட்டம்"னு குசுகுசுன்னாங்க. நாந்தான், "அதெல்லாம் இல்லீங்க, அவருக்குப் பதினஞ்சு வருசத்துச் சர்க்கரை"ன்னு சொல்லி உங்க மானத்தைக் காப்பாத்துனேன்.

ரெண்டு நாள் கழிச்சு உள்ளங்கால்ல கொப்புளத்தைப் பார்த்துட்டு, "இது எப்ப வந்துச்சு?"ன்னு அம்மிணிகிட்ட கேட்டீங்களாமே. கேட்கவேண்டிய ஆள்கிட்டத்தான் கேட்டிருக்கீங்க. கால் உங்களுது, சேதி அவங்களுக்குத்தானே தெரியோணும்!

பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குது, வலி கிலி ஒண்ணுமில்லைங்கறீங்க. கொடுத்து வெச்சவரு. காசு கொடுக்காம மெத்தை கிடைச்சிருக்குது. கால் டாக்டர்கிட்டப் போலாம்னு அம்மிணி சொன்னதுக்கு, "காலுக்கொரு டாக்டரா? நாளைக்குச் செருப்புக்கும் ஒரு டாக்டர் வருவாரா?"ன்னு குதிச்சீங்களாம். குதிங்க, குதிக்கறதுக்குத்தானே கால்.

என்ற கட்டுத்தரையில காங்கேயங்காளை ரெண்டு நின்ன காலத்துல லாடக்காரர் வருவாரு. காளையைக் கவுத்துப் போட்டு, நாலு காலையும் சேத்துக் கட்டி, குளம்பைச் சீவி, சந்துல அடைஞ்ச கல்லு மண்ணெல்லாம் நோண்டி எடுத்துட்டு, அப்புறம்தான் லாடத்தை வெச்சு ஆணி அடிப்பாரு. லேசா நொண்டுனாலும் அன்னைக்கு வண்டி பூட்டமாட்டோம். அது மாடுங்க, சந்தையில விலை போகோணும். நம்ம காலை எந்தச் சந்தைக்கு ஓட்டப்போறோம்?

நீங்க போகாதீங்க. நான் போயிட்டு வந்தவன் சொல்றேன், என்ன பாடுபடுத்தறாங்கன்னு.

பேத்தி இழுத்துக்கிட்டுப் போனா. உள்ள போனதும் அந்த டாக்டர் புள்ள என் காலைப் பார்க்கலீங்க, செருப்பைக் கழட்டச் சொல்லித் திருப்பிப் பார்த்துச்சு. எந்தப் பக்கம் தேஞ்சிருக்குதுன்னு பார்த்தா, பாரம் எங்க விழுதுன்னு தெரிஞ்சுருமாம். ஜாதகத்தை விட்டுட்டுச் செருப்பைப் பார்க்கறாங்க. அப்புறம் தூண்டில் நரம்பாட்டம் ஒரு நைலான் இழை. அதைப் பாதத்துல நிறுத்தி வளையற வரைக்கும் அழுத்தறாங்க. அது வளைய 10 கிராம் பாரம் போதுமாம். நாம கண்ணை மூடிக்கிட்டுத் தெரியுதா இல்லையான்னு சொல்லோணும். நான் சும்மா இருப்பனா? எல்லாத்துக்கும் "தெரியுது, தெரியுது"ன்னேன். அந்தப் புள்ள சிரிச்சுக்கிட்டே, "தாத்தா, கடைசி மூணு தடவை நான் தொடவே இல்லை"ன்னுச்சு.

பெருவிரல் எலும்பு மேல அதிர்ற கவையொண்ணை வெச்சுச்சு. கையிலயும் கணுக்கால்லயும் ரத்த அழுத்தம் பார்த்து ஒண்ணோடொண்ணு ஒப்பிட்டுச்சு. கால்ல ரொம்பக் குறைவா இருந்தா ரத்தக்குழாய் அடைப்பாம். கடைசியில என் காய்ப்பைச் சீவுச்சு பாருங்க, உள்ளார கால் அங்குல நீளத்துக்கு வேலிக்காத்தான் முள்ளு! எந்த நோம்பிக்குக் குத்துனதோ. முள்ளு மேலயே இத்தனை நாளும் நடந்திருக்கறேன், எனக்கே தெரியலை. அந்த முள்ளைக் காயிதத்துல மடிச்சுக் கொண்டாந்து வெச்சிருக்கறேன், வந்தா காட்டறேன்.

வலி தெரியாத காலுன்னதும் ஒருத்தர் ஞாபகம் வர்றாரு. நம்ம கொல்லிமலையில 1914ல பொறந்த வெள்ளைக்காரரு, பால் பிராண்ட். 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு டாக்டரா வந்தாரு. தொழுநோய்க்காரங்களுக்கு விரல் தானா அழுகி விழுதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்த காலம். அவரு உக்காந்து பார்த்து, அழுகறதில்லை, வலி தெரியாததால அவங்களே காயப்படுத்திக்கறாங்கன்னு கண்டுபுடிச்சாரு. ராத்திரியில எலி விரலைக் கடிச்சுத் தின்னிருக்குது, தூங்கறவங்களுக்குத் தெரியலீங்க! அப்புறம் குணமாகி ஊருக்குப் போறவங்ககிட்ட ஆளுக்கொரு பூனையைக் கொடுத்தனுப்புனாங்களாம். வலி தெரியாத காலுக்குன்னு அவரும் கூட இருந்தவங்களும் புழக்கத்துக்குக் கொண்டாந்த மெத்து ரப்பர் செருப்புத்தான் எம்.சி.ஆர். செருப்பு. இன்னைக்குச் சர்க்கரைக்காரங்களுக்கும் அதையேதான் எழுதித் தர்றாங்க. நோய் வேற வேற, வலி செத்த கால் ஒண்ணுதான். உங்க ஊட்டுல பூனை இருக்குதுங்களா?

உங்க சொந்த வைத்தியமும் காதுக்கு வந்துச்சு. கால் ஆணியை நீங்களே பிளேடுல சீவறீங்களாமே. தாடிக்கும் அதே பிளேடுதானுங்களா? மிச்சத்துக்குக் கார்ன் கேப். அதுல இருக்கற அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எதுன்னு தெரியுமுங்களா? பொழுதோட வெந்நியில காலை ஊற வெக்கறீங்க. சூடு பார்க்கறதும் அதே காலை விட்டுத்தான். குருடனை விட்டுக் கூலி எண்ணச் சொன்ன மாதிரி. முழங்கையை விட்டுப் பார்க்கோணும்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. ஊற வெக்கவே வேண்டாம், வெறும் தண்ணியில கழுவி விரலிடுக்கை ஈரமில்லாம தொடச்சா போதும்னுச்சு. இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு!

அம்மிணி வெடியால கட்டிலை விட்டு எறங்குனதும் குதிங்கால் கொத்துதுன்னு அழுவுதே, அதுக்கு நான் வெசனப்படலை. உள்ளங்கால் சவ்வு இழுத்துப் புடிக்கறது, நாலு அடி நடந்தா விட்டுக்கொடுக்கும், பயிற்சியும் நல்ல செருப்பும் இருந்தா அடங்கும். அழுவற புள்ளைக்கு யாராச்சும் பால் கொடுத்துருவாங்க. உங்க கால் அழுவாத புள்ளைங்க மாப்ளே. தொட்டில்ல என்ன ஆச்சுன்னு எட்டிப் பார்க்க ஆளில்லை. கொப்புளம் உடைஞ்சு, புண்ணாகி, எலும்புக்குப் போன பொறவு பெரிய ஆஸ்பத்திரியில கத்தியை எடுத்துக்கிட்டு நிப்பாங்க. அப்பவும் உங்களுக்கு வலிக்காது, அது ஒண்ணுதான் லாபம்.

நாளைக்குக் காலையில எட்டரைக்குச் சேலத்துல டோக்கன் போட்டாச்சுங்க, உங்க பேர்லதான். அம்மிணிகிட்டச் சொல்லியாச்சு, காரும் சொல்லியாச்சு. டாக்டர் புள்ளைக்கு ரெண்டு செருப்பும் வேணுமாம், தேய்மானம் பார்க்கறதுக்கு. இடதுகால் செருப்பை நீங்க போட்டுக்கிட்டு வாங்க. வலதுகாலுது மண்டபத்து வாசல்ல இருந்து நான் எடுத்தாந்து திண்ணை மேல வெச்சிருக்கறேன். போற வழியில எடுத்துக்கலாம்.