இது ஏர்போர்ட் போகுமா? – சுரங்க நடைமேடை வினாக்கள் குறித்து ஓர் இலக்கண ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

சென்னை சென்ட்ரல் சுரங்க மெட்ரோ நிலையத்தின் நடைமேடையில் பலகை இருக்கிறது. அடுத்த வண்டி எங்கே போகிறது என்று திரை காட்டுகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் குரல் அறிவிக்கிறது. இவை அனைத்தையும் படித்து, பார்த்து, கேட்டு முடித்த பயணி பக்கத்தில் நிற்பவரிடம் திரும்பி, "சார், இது ஏர்போர்ட் போகுமா?" என்கிறார். ஏன்?

2. முன்னோர் கருத்து

இத்துறையின் மூலநூல் பவணந்தி முனிவரின் நன்னூல். 13ஆம் நூற்றாண்டு நூலாதலால் மெட்ரோவை அது பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. ஆயினும் வினா ஆறு, விடை எட்டு என்று அது வகுத்த கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது.

3. வினா வகைகள்

பெட்டி படுக்கையுடன் ரயிலிலிருந்து இறங்கி வந்தவர் கேட்பது அறியாவினா. "இது பரங்கிமலை வண்டியா, ஏர்போர்ட் வண்டியா?" என்பது ஐயவினா. பேரனிடம் தாத்தா, "எங்கடா மாறணும், சொல்லு பாப்போம்" என்பது அறிவினா. தாத்தாவுக்கு விடை தெரியும் என்பது இதன் அடிப்படை, பல நேரங்களில் அது வெறும் நம்பிக்கை. "சார்ஜர் இருக்குமா?" கொளல்வினா. "உட்கார்றீங்களாம்மா?" கொடைவினா, மாலை ஆறு மணிக்கு மேல் அரிது. வாசலை மறித்து நிற்பவரிடம், "நீங்க இறங்கலையா?" என்பது ஏவல்வினா; வழியை விடு என்பதே இதன் பொருள்.

4. விடை வகைகள்

"அந்தப் பக்கம்" சுட்டு. "போகாது" மறை. "போகும்" நேர். "போர்டைப் பாருங்க" ஏவல். "நீங்க எங்க போகணும்?" வினாவுக்கு வினா. "போன வாரம் நானே தப்பா ஏறிட்டேன்" உற்றது உரைத்தல். "ஏறினா கோயம்பேடு சுத்திட்டுப் போவீங்க" உறுவது கூறல்.

எட்டாவதான இனமொழி விடை தனிக் கவனத்துக்குரியது. ஏர்போர்ட் போகுமா என்று கேட்டால், "ஆலந்தூர் போகும்" என்பார்கள். கேட்டது ஒன்று, சொன்னது அதன் இனமான வேறொன்று, ஆயினும் பிழையில்லை. 2019 பிப்ரவரி 10 அன்று டிஎம்எஸ் – வண்ணாரப்பேட்டைப் பகுதி திறக்கப்பட்டதிலிருந்து, சென்ட்ரலில் இருந்து ஆலந்தூருக்கு இரண்டு வழிகள். நீலத் தடத்தில் அண்ணா சாலை, சைதாப்பேட்டை, கிண்டி வழியே பத்தாவது நிறுத்தம். பச்சைத் தடத்தில் எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி வழியே பதினைந்தாவது நிறுத்தம். நீல வண்டி நேரே ஏர்போர்ட் போகும்; பச்சை வண்டியில் போனாலும் ஆலந்தூரில் மாறிக்கொண்டால் ஏர்போர்ட். ஆகவே விம்கோ நகர் பக்கம் போகும் வண்டியைத் தவிர, எந்த வண்டியைக் காட்டிக் கேட்டாலும் "போகும்" என்பது உண்மையே.

5. கண்டறிந்தவை

பச்சைத் தடத்துக்கு சென்ட்ரல்தான் கடைசி நிலையம். அங்கிருந்து எழும்பூர்ப் பக்கம் தவிர வண்டி போக வேறு திசையே கிடையாது. அந்த நடைமேடையிலும் கேட்கிறார்கள். எனவே இவ்வினா அறியாமையால் எழுவதன்று.

மண்ணுக்கு மேலே, கடற்கரை – தாம்பரம் தடத்தில், எட்டிப் பார்த்தால் வண்டியின் முகம் தெரியும். வெயிலை வைத்துத் திசை சொல்லலாம். சுரங்கத்தில் சூரியனும் இல்லை, கோபுரமும் இல்லை. தண்டவாளமே கண்ணாடிக் கதவுகளுக்கு அப்பால் இருக்கிறது. கண்ணால் கண்டு தெளிய வழியில்லாத இடத்தில் மனிதர் சாட்சி தேடுகிறார். பலகையை நம்பி ஏறித் தவறினால் பழி ஏறியவருக்கு. ஒரு மனிதர் சொல்லி ஏறித் தவறினால், "அந்த ஆள்தான் சொன்னான்" என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். நன்னூல் விட்டுவைத்த இந்த ஏழாம் வகைக்குச் சாட்சி வினா என்று பெயரிடுகிறோம்.

சாட்சி வினாவுக்கு இலக்கணம் நான்கு. காதில் இயர்போன் மாட்டியவரிடம் கேட்கப்படாது. விடை கிடைத்ததும் இன்னொருவரிடம் மீண்டும் கேட்கப்படும். முதலில் விடை சொன்னவர் இதைப் பார்த்துச் சந்தேகம் வந்து, தாமும் பலகையைப் பார்ப்பார். வண்டியில் ஏறியபின், அடுத்து வருபவர் கேட்டால், சற்றுமுன் கேட்டவரே "போகும் போகும், ஏறுங்க" என்று உறுதி கூறுவார்.

6. பரிந்துரை

ஒவ்வொரு சுரங்க நடைமேடையிலும் "போகும்" என்று சொல்வதற்கென ஓர் ஊழியரை நியமிக்கலாம். கையில் ஒரு துணிப்பை, முகத்தில் கொஞ்சம் அவசரம் இருந்தால் போதும். சீருடை மட்டும் கூடாது. போட்டுக்கொண்டால், அவர் சொன்னது சரிதானா என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார்கள்.